உப்பு வருதா

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி, சோனாங்குப்பம்.
வலைக்கூடத்துச் சிமெண்ட் தரையில் பதினெட்டுப் பெண்கள்
உறுதிமொழி சொல்லி முடிக்கும்போது
என் இடக்கண் மட்டும் அழத் தொடங்கியிருக்கும்.

நான் வசூல்காரி.
பணம் எண்ணுவேன், நோட்டின் மேல் சொட்டும்.
அழுவாச்சி ஆபீசர் என்று பெயர் வைத்தார்கள்.
கெட்ட பெயர் இல்லை அது.
"தவணை கேக்கறதுக்கே அமலோற்பவம் மேடத்துக்குத் தாங்கல பாரு"
என்று அஞ்சலாட்சி ஒருமுறை
காதுத் தோட்டைக் கழற்றி அடகு வைத்துக் கட்டினாள்,
என்னைத் தேற்றுவதற்காக.
நான் மறுத்துச் சொல்லவில்லை.
மஞ்சக்குப்பம் கிளையில் அந்த மாதம் வசூல் நூற்றுக்கு நூறு.
மேனேஜர் கைநீட்டினார்.
கைக்குட்டையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு குலுக்கினேன்.

மூன்று வருஷம்.
மூக்கோரம் விரல் வைத்து அழுத்தினால்
கண்மூலையில் வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்க்கும்.
துடைத்துவிட்டு அடுத்த குப்பத்துக்கு வண்டி எடுப்பேன்.
சந்தனம் அரைத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன்.
தாய்ப்பால் ரெண்டு சொட்டு விடச் சொன்னார்கள்.
யாரிடம் கேட்பது,
தவணை கேட்கிற வாயால்?

ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி
அது மொச்சைக்கொட்டையாகத் திரண்டது.
விடிவதற்குள் நாவற்பழம்.
இமை ஒட்டிக்கொண்டது, கன்னம் கொதித்தது.
பாண்டிச்சேரி பஸ்ஸில், கன்னிக்கோயில் தாண்டும்வரை
ஒவ்வொரு வேகத்தடையும்
கண்ணுக்குள் ஏறி இறங்கியது.

"கண்ணீர்ப்பையில சீழ் புடிச்சிருக்கு."
அப்படி ஒரு பை எனக்கு இருப்பதே
அன்றுதான் தெரியும்.
"இப்ப கத்தி வைக்கக் கூடாதும்மா, மொதல்ல இது அடங்கட்டும்."
பத்து நாள் மாத்திரை.
வெந்நீரில் பிழிந்த துணி, நாலு வேளை.
நசுக்காதே.

மூன்றாம் நாள் தானாக உடைந்தது.
அந்த வாடையை நான் அறிவேன்.
முகத்துவாரத்தில் மணல் ஏறிவிட்டால்
உப்பனாற்றுத் தண்ணீர் கடலுக்குப் போக வழி தெரியாமல்
பச்சையாகத் தேங்கி வீசுமே,
அதேதான்.

புண் ஆறியபின்
இமையோரத் துளையில் மழுங்கிய ஊசி வைத்து
உப்புத்தண்ணீர் செலுத்தினார் டாக்டர்.
"தொண்டைக்கு உப்பு வருதா?"
"வரலைங்க."
போன வழியே திரும்பிக் கன்னத்தில் வழிந்தது.

ஆபரேஷன் தை மாதம்.
முகத்தை மட்டும் மரக்கடித்தார்கள். விழித்திருந்தேன்.
வலி இல்லை, சத்தம் இருந்தது.
யாரோ என் மண்டைக்குள் உட்கார்ந்து
பட்டாணி மெல்வது போல
மூக்கெலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்தெடுத்தார்கள்.
தூர்ந்த வாய்க்காலை அவர்கள் வாரவே இல்லை.
பக்கத்தில் புதிதாக ஒன்று வெட்டிவிட்டார்கள்.
உள்ளே நூல்போல ஒரு சிலிக்கான் குழாய்,
மூக்கு நிறையப் பஞ்சுத்திரி.
மூக்கைச் சிந்தாதே. தும்மல் வந்தால் வாயைத் திற.

முப்பத்திரண்டாயிரம்.
போட்டிக் கம்பெனியில் கடன் எடுத்தேன்.
வசூலுக்கு வந்த பையனின் அட்டையில் ஞானசெல்வம் என்றிருந்தது.
ஹெல்மெட்டைக் கழற்றாமல் வாசலில் நின்றான்.
கண்ணாடிக்குள் அவன் கண் இரண்டும்
நன்றாகக் காய்ந்திருந்தன.
ஒரு வாரமும் தவறாமல் கட்டினேன்.

சித்திரையில் குழாயை உருவினார்கள்.
மறுபடி ஊசி, மறுபடி அதே கேள்வி.
"வருது டாக்டர்" என்றேன்,
"கரிக்குது."

தடைக்காலம். படகெல்லாம் கரையில்.
சோனாங்குப்பத்தில் பதினொரு பேர்தான் வந்திருந்தார்கள்.
அஞ்சலாட்சி வெறுங்கையோடு எழுந்து நின்றாள்.
என் முகத்தையே பார்த்தாள்,
மூக்கோரத் தழும்பை, காய்ந்த கன்னத்தை.
"கண்ணு சரியாயிடுச்சு மேடம்."
நல்ல சேதி சொல்கிற குரலாக அது இல்லை.
அவள் காதுத் துளைகளில்
துடைப்பக்குச்சி.

பாக்கி என்று எழுதினேன்.
தாள் நனையவில்லை.
தொண்டையில் மெதுவாக உப்பு இறங்கியது.
விழுங்கிவிட்டு
அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.